கதை இருக்கிறது, அலசல் எங்கே?

வாசகர் கேள்வி:

அம்மா, கடலூரில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு திருப்பாதிரிப்புலியூர். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். ஆர்.கே. நாராயணின் ‘தி கைடு’ நாவலில் ராஜு எப்படி மாறுகிறான் என்று அசைன்மென்ட் கொடுத்தார்கள். நாவலை முழுசாகப் படித்துத்தான் எழுதினேன். “எல்லாம் கதை. அனாலிசிஸ் எங்கே?” என்று சிவப்பு மையில் எழுதி, மறுபடி எழுதித் தரச் சொல்லிவிட்டார் மேடம். கடையில் விற்கும் நோட்ஸைப் பார்த்து எழுதிய என் தோழி நல்ல மார்க் வாங்கிவிட்டாள். என் இங்கிலீஷ் சரியில்லாததுதான் காரணமா? அனாலிசிஸ் என்றால் என்னதான் எழுத வேண்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத மாணவி, கடலூர்

பதில்:

உன் இங்கிலீஷுக்கும் அந்தச் சிவப்பு மைக்கும் சம்பந்தமில்லையம்மா. இங்கிலீஷ்தான் குறை என்றால் மேடம் வரிக்கு வரி சுழித்திருப்பார். ராஜு ரயில்வே ஸ்டேஷனில் கடை வைத்தான், ரோஸியைச் சந்தித்தான், கள்ளக் கையெழுத்துப் போட்டு ஜெயிலுக்குப் போனான், வெளியே வந்து சாமியாரானான் என்று நீ வரிசையாக எழுதியிருப்பாய். இதெல்லாம் அவருக்குத் தெரியும். வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவர். தெரிந்த கதையை அவருக்கே திரும்பச் சொன்னால் என்ன செய்வார்?

அவர் கேட்பது உனக்குப் புதிதும் இல்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பரீட்சையில் ‘இடம் சுட்டிப் பொருள் விளக்குக’ என்று ஒரு கேள்வி வருமே, எத்தனை முறை எழுதியிருப்பாய்! ஒரு வரியைக் கொடுப்பார்கள். அது எங்கே வருகிறது, என்ன சொல்கிறது, அதன் உட்பொருள் என்ன என்று எழுதுவோம். நாவலுக்கும் வேலை அதுதான். ஒரே வித்தியாசம், வரியை யாரும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள், நீதான் தேட வேண்டும். பள்ளியில் ‘விளக்கம்’ பகுதியை ஒன்றிரண்டு வரியில் முடித்துவிடுவோம். இங்கே மார்க் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

உன் நாவலிலேயே செய்து பார்ப்போம். கடைசிக் காட்சியை எடுத்துக்கொள். இடம்: மழை வேண்டி ராஜு இருக்கும் விரதத்தின் கடைசி நாள் காலை. வற்றிப்போன ஆற்றில் ராஜுவை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். பொருள்: மலையில் மழை பெய்கிறது, அது தன் காலடியில் ஏறி வருவது தெரிகிறது என்று தன்னைச் சாமியாராக நம்பும் கிராமத்துக்காரன் வேலனிடம் சொல்லிவிட்டுச் சரிகிறான். நாவல் அதோடு முடிகிறது. இதுவரைக்கும் நீயும் எழுதியிருப்பாய்.

இனிதான் விளக்கம். மழை பெய்தது என்று கதைசொல்லி எங்கேயாவது சொல்கிறாரா? இல்லை. மேகத்தைக் காட்டுகிறாரா? அதுவும் இல்லை. மழைக்கு ஒரே சாட்சி ராஜுவின் வாய்வார்த்தை. அந்த வாய் எப்படிப்பட்ட வாய்? முன்பு அவன் தன் கதையைச் சொல்லும்போது, யார் எதைக் கேட்டாலும் ‘தெரியாது’ என்று சொன்னதே இல்லை என்கிறான். வந்திறங்கும் பயணிகள் கேட்க ஆசைப்பட்டதைச் சொல்லியே பிழைத்தவன். கடைசியில் ஊரே கேட்க ஆசைப்படுவது மழை என்ற ஒரு சொல். அதையும் சொல்லிவிட்டுத்தான் விழுகிறான். அப்படியானால் அது ஞானியின் பேச்சா, பழைய வழிகாட்டியின் பேச்சா? இந்தக் கேள்வியைப் பிடித்துவிட்டாய் என்றால் அலசல் தொடங்கிவிட்டது.

இப்போது உன் கட்டுரையின் மையக் கருத்தை, அதாவது தீசிஸை, எழுதிப் பார். ‘ராஜு நாவலில் மாறுகிறான்’ என்பது கருத்தாகாது. யாரும் மறுக்கப்போவதில்லை. பட்டிமன்றத் தலைப்பு மாதிரி யோசி. எதிரணியில் உட்கார ஆள் கிடைக்குமா என்று பார். ‘ராஜு மகானானானா என்பதை நாவல் தீர்த்துச் சொல்லவில்லை, தெரியாது என்று சொல்லிப் பழகாத அவன் வாயிலேயே கடைசிச் செய்தியை விட்டுவிடுகிறது’ என்று எழுது. உடனே ஒருவர் எழுந்து, “அதெப்படி, அவன் உண்மையாகவே மாறிவிட்டானே” என்பார். நல்லது, வரட்டும்.

வந்தால் அவர் கையில் சான்றும் இருக்கும். விரதத்தின் ஆரம்பத்தில் ஒளித்து வைத்த மிச்சச் சோற்றைத் தின்றவன், ஒரு கட்டத்தில் சாப்பாட்டு நினைப்பையே உதறிவிடுகிறான். பணம், காதல் இரண்டும் சாராத ஒரு காரியத்தில் வாழ்க்கையில் முதல் தடவையாக மனசார முனைகிறான் என்று கதைசொல்லியே சொல்கிறார். உன் கருத்துக்கு இது இடிக்கிறது. முக்கால்வாசிப் பேர் இந்தப் பக்கத்தைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடுவார்கள். நீ தாண்டாதே, கட்டுரையின் நடுவில் வைத்துப் பேசு. ‘இங்கே அவன் மனசுக்குள் போய்வந்த கதைசொல்லி, கடைசிக் காட்சியில் ஏன் வெளியே நின்றுவிடுகிறார்?’ என்று கேள். உன் கட்டுரையிலேயே உருப்படியான பத்தி அதுவாகத்தான் இருக்கும்.

தமிழ் இலக்கணத்தில் தன்மை, படர்க்கை படித்திருக்கிறாய் அல்லவா? அதையும் கையில் எடு. மால்குடி வாழ்க்கையை ராஜு ‘நான்’ என்று தன்மையில் சொல்கிறான். மங்கல் கிராமத்துக் கோயிலில் நடப்பதெல்லாம் ‘அவன்’ என்று படர்க்கையில் வருகிறது. தான் சாமியார் இல்லை என்று காட்டத்தான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வேலனிடம் தன் வண்டவாளத்தை எல்லாம் சொல்கிறான். கேட்டு முடித்த வேலனுக்குப் பக்தி ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்லும் உண்மைக்கு இவ்வளவுதான் மதிப்பா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் எரிச்சல் வரும். உனக்கு அந்த இடத்தில் என்ன தோன்றியது என்று யோசித்துப் பார். தோன்றியதற்குக் காரணம் எந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று தேடு.

கட்டுரையிலிருந்து எதைத் தூக்கிப் போடலாம்? முதல் பத்தியில் ஆசிரியரின் வாழ்க்கை வரலாறு இருக்கும், எனக்குத் தெரியும். 1906-ல் சென்னையில் பிறந்தார், இந்த நாவலுக்கு 1960-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கினார், இத்யாதி. அதே 1906-ல்தான் உன் திருப்பாதிரிப்புலியூரில் புதுமைப்பித்தன் பிறந்தார். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கும் உன் கட்டுரையில் வேலையில்லை. ‘அருமையான நாவல்’, ‘ஆசிரியர் அழகாகச் சித்திரித்திருக்கிறார்’ போன்ற பாராட்டுகளையும் எடுத்துவிடு. நயம் பாராட்டலில் மோனை நயம், எதுகை நயம் என்று தலைப்புப் போட்டு எழுதிய பழக்கத்தில், குறியீடு, முரண், நடை என்று தனித்தனித் தலைப்புப் போடவும் கை போகும். வேண்டாம். ஒரு கருத்து, அதை ஒட்டியே எல்லாப் பத்தியும்.

தோழியின் நோட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. நாவல் வந்தது 1958-ல். அதை வைத்து எடுத்த இந்திப் படம் 1965-ல் வந்தது. படத்தில் மழை கொட்டுகிறது. நாராயணுக்கே படம் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். கட்டுரையில் ‘கடைசியில் மழை பெய்து ஊர் காப்பாற்றப்பட்டது’ என்று யாராவது எழுதியிருந்தால், புத்தகத்தைத் தொடவில்லை என்று ஆசிரியருக்கு அந்த வரியே காட்டிக்கொடுத்துவிடும். ஏஐ-யில் கேட்டு எழுதினாலும் இந்த ஆபத்து உண்டு. இல்லாத வரியை மேற்கோள் என்று தரும், தப்பான பக்க எண் போடும். அதில் எடுத்தது எதுவானாலும் உன் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காமல் எழுதாதே. விமர்சன நூல் தேடி பஸ் ஏறி எங்கள் புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்துக்கு வரவும் ஆசை வரும். 1827-ல் தொடங்கியது, வந்து பார், நல்ல இடம். ஆனால் உன் கருத்தைச் சொந்தமாக எழுதி முடித்த பிறகு வா. முதலிலேயே விமர்சகரைப் படித்தால் அவர் சொன்னதைத்தான் நீயும் சொல்வாய்.

மொழி விஷயத்தில் பயப்படாதே. முதலில் தமிழிலேயே வாதத்தை எழுதிக்கொள், கொச்சையாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு அந்தத் தாளை மூடி வைத்துவிட்டு இங்கிலீஷில் புதிதாக எழுது. பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி மாற்றினால் வாக்கியம் நொண்டும். சின்னச் சின்ன வாக்கியம் போதும். கதையில் நடப்பதை இங்கிலீஷ் கட்டுரையில் நிகழ்காலத்தில்தான் எழுதுவார்கள். பாதியில் இறந்த காலத்துக்குத் தாவாதே. மேற்கோள் அரை வரி, ஒரு வரி போதும். பக்க எண்ணை அடைப்புக்குறியில் கொடு. பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும் என்பதால் எந்தப் பதிப்பு என்பதைக் கட்டுரையின் கடைசியில் எழுது. உங்கள் துறையில் எம்எல்ஏ (MLA) முறை, அதாவது மேற்கோளுக்கும் நூலுக்கும் குறிப்புக் கொடுக்கும் ஒரு முறை, கேட்டால் 2021-ல் வந்த ஒன்பதாம் பதிப்பைப் பின்பற்றச் சொல்கிறார்களா என்று மட்டும் மேடத்திடம் கேட்டுக்கொள்.

மொத்தக் கட்டுரையையும் உட்கார்ந்து திரும்ப எழுதாதே. மழை பற்றிய அந்த ஒரு பத்தியை மட்டும் எழுதி எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போ. “மேடம், இந்த வழியில் போனால் சரியா?” என்று கேள். மறுபடி எழுதிக் கொண்டுவா என்று வாய்ப்புக் கொடுத்தவர், ஒரு பத்தியைப் படித்துச் சொல்லாமலா போய்விடுவார்?