கூட்டம் முடிந்த பிறகு வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று கேளுங்கள்

கேள்வி: சமாதானச் செயன்முறைகளில் பெண்களின் தலைமைத்துவத்தை வளர்க்கும் திட்டம் ஒன்றை மதிப்பீடு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பெண்கள் உண்மையில் தலைமைக்கு வந்தார்களா என்பதை எதை வைத்து அளப்பது?

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் டி.ஓ.ஆர் (செய்ய வேண்டிய பணியைச் சொல்லும் பத்திரம்) கைக்கு வந்துவிட்டது, களத்துக்கு எட்டோ பத்தோ நாள் தந்திருக்கிறார்கள், அறிக்கை கொடுக்க வேண்டிய திகதியும் குறித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். திட்டம் முடிகிற மாதத்தில்தான் உங்களைக் கூப்பிட்டிருப்பார்கள். ஊகம் பிழையென்றால் மன்னியுங்கள். நான் வேலை செய்த மதிப்பீடுகள் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான் நடந்தன.

என் ஊர் மட்டக்களப்பு. முதலில் மொழிபெயர்ப்பாளராகப் போனேன், பிறகு மதிப்பீட்டுக் குழுக்களில் ஆய்வாளராக இருந்தேன். இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதுவதற்குக் காரணம் என்னுடைய ஒரு பிழை.

2013இல் படுவான்கரைப் பக்கம் ஒரு கிராமம். ஊரின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். தமிழ்ப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் சேர்த்துச் சமாதானக் குழு அமைத்து, தலைமைத்துவப் பயிற்சி கொடுத்த திட்டம் அது. எங்கள் பக்கத்தில் இது சின்ன விசயமில்லை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டது, அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டது, இவையெல்லாம் இரண்டு பக்கத்து வீடுகளிலும் இன்னும் ஆறவில்லை. அந்தப் பெண்கள் ஒரே பாயில் இருந்து தேத்தண்ணி குடித்ததே பெரிய காரியம். அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை.

மதிப்பீட்டாளர் வெளிநாட்டவர், நல்ல மனுசி, அக்கறையாகக் கேட்பவர். ஆனால் ஒரு குழுவுக்கு 45 நிமிடம்தான். அடுத்த ஊரில் ஆட்கள் காத்திருந்தார்கள். திட்ட உத்தியோகத்தர் கதவடியில் கதிரை போட்டு இருந்தார். ‘பயிற்சிக்குப் பிறகு உங்களில் என்ன மாற்றம்?’ என்று மதிப்பீட்டாளர் கேட்கச் சொன்னார். கேட்டேன். ஐம்பது வயது மதிக்கக்கூடிய ஓர் அக்கா எழும்பினார்.

“முதல் எல்லாம் பின்னுக்குத்தான் இருப்பன் புள்ள. இப்ப எழும்பிக் கதைப்பன். போன மாசம் பிரதேச செயலகத்தில நடந்த கூட்டத்தில எழும்பி, எங்கட பிள்ளையள் எங்க எண்டு கேட்டு எழுதின கடிதத்துக்கு ஏன் இன்னும் பதிலில்ல எண்டு கேட்டன். ரெண்டு நாளால வீட்டுக்கு ரெண்டு பேர் வந்தாங்க, சிவில் உடுப்பு. ஆர் உன்னக் கதைக்கச் சொன்னது எண்டு கேட்டாங்க. அதுக்குப் பிறகு மருமகன் என்னக் கூட்டங்களுக்கு விடுறாரில்ல. இண்டைக்கும் சொல்லாமத்தான் வந்தன்.”

இது சுருக்கம். அவர் பத்து நிமிடத்துக்கு மேல் கதைத்தார். 2010இல் போரைப் பற்றி விசாரித்த அரச ஆணைக்குழு முன் காணாமல்போன மகனைப் பற்றிச் சாட்சி சொன்னது, அப்போதும் இப்படி ஆட்கள் வந்தது, எல்லாவற்றையும் சொன்னார்.

நான் மொழிபெயர்த்தது ஒரே ஒரு வசனம்: முன்பு பின்வரிசையில் இருந்தவர், இப்போது அரச அதிகாரிகள் முன் எழுந்து பேசும் தன்னம்பிக்கை வந்திருக்கிறது என்கிறார்.

மிச்சத்தை விட்டுவிட்டேன். கதவடியில் இருந்தவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்ற பயம், எழுதினால் அக்காவுக்கு ஏதும் வந்துவிடுமோ என்ற பயம், நேரம் போய்விட்டதே என்ற பதற்றம், மூன்றும் இருந்தன. காலையில் இருந்து நாலாவது கிராமம் வேறு. மூன்று மாதத்தில் அறிக்கை வந்தது. அந்த ஒரு வசனம் நீலப் பெட்டிக்குள் பெரிய எழுத்தில், பக்கத்தில் வேறொரு பெண்ணின் சிரித்த படம். கீழே வரைபடத்தில் தன்னம்பிக்கை ஐந்துக்கு இரண்டிலிருந்து நாலுக்கு ஏறியிருந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வாருங்கள். ‘பொதுக்கூட்டத்தில் பேசிய பெண்களின் எண்ணிக்கை’ என்ற குறிகாட்டியில் அந்த அக்காவுக்கு ஒரு சரி. ‘அதிகாரிகளிடம் கோரிக்கை வைத்தவர்கள்’ என்றால் இன்னொரு சரி. ‘தன்னம்பிக்கை’ மூன்றாவது சரி. மூன்றும் உண்மைதான். ஆனால் அதே காலத்தில் அவர் வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டிருந்தார். உங்கள் படிவத்தில் எங்கே சரி விழுகிறதோ, அதற்கு அடுத்த கிழமை அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். வீட்டுக்கு யார் வந்தார்கள், வீட்டில் யார் கதைப்பதை நிறுத்தினார்கள், சந்தையில் யார் முகம் திருப்பினார்கள். தனியாகக் கேளுங்கள், அவருடைய வீட்டில், திட்ட உத்தியோகத்தர் இல்லாமல். எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்பதை அவரிடமே கேட்டு முடிவுசெய்யுங்கள். நான் அதை அவரைக் கேட்காமல் முடிவுசெய்தேன்.

எண்களே வேண்டாம் என்கிறாள் என்று சிலர் இதற்குக் கீழே வருவார்கள். அப்படிச் சொல்லவில்லை. 1992 முதல் 2011 வரையான 31 பெரிய சமாதானச் செயன்முறைகளைப் பார்த்து, பேச்சுவார்த்தையாளர்களில் பெண்கள் 9 வீதம்தான் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பு எண்ணிச் சொன்னதால்தான் உலகம் கொஞ்சமாவது திரும்பிப் பார்த்தது. பெண்கள், சமாதானம், பாதுகாப்பு பற்றி 2000 ஒக்டோபரில் வந்த ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1325ஆம் தீர்மானம் பதினைந்து வருடத்தில் என்ன செய்தது என்று 2015இல் உலகளாவிய ஆய்வு எழுதியபோது அதற்குத் தலைமை தாங்கியவர் எங்கள் நாட்டு ராதிகா குமாரசாமி. அதில் எனக்குப் பெருமைதான். எனக்குக் கோபம் வருவது, ‘பெண்கள் பங்குபற்றினால் உடன்படிக்கை 15 வருடம் நிலைக்கும் வாய்ப்பு 35 வீதம் கூடும்’ என்ற வசனத்தை ஒவ்வொரு திட்ட முன்மொழிவின் முதல் பக்கத்திலும் ஒட்டும்போது. அது 1989 முதல் 2011 வரை கைச்சாத்தான 182 உடன்படிக்கைகளை வைத்துப் போட்ட புள்ளிவிபரக் கணக்கு. உடன்படிக்கைகளை ஒப்பிடும்போது தெரியும் ஒரு தொடர்பு. அதை வைத்து ஒரு கிராமத்து மூன்று நாள் செயலமர்வு பலன் தந்தது என்று சொல்ல முடியாது.

மேசையில் கிடைத்த இடத்தை மட்டும் எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் நாட்டிலேயே இரண்டு கதை இருக்கிறது. 2002 டிசம்பரில் அரசுக்கும் புலிகளுக்கும் இடையில் ஒஸ்லோவில் நடந்த பேச்சுச் சுற்றில் பெண்கள் விவகாரத்துக்கு ஒரு குழு அமைக்க இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டன. ஆளுக்கு ஐந்து பெண்கள். அரச தரப்புக்குப் பெண்ணிய ஆய்வாளர் குமாரி ஜயவர்தன தலைமை, புலிகள் தரப்புக்கு அவர்களின் மகளிர் அரசியல் பிரிவைச் சேர்ந்த தமிழினி தலைமை. 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடி மீள்குடியேற்றம், தனிப்பட்ட பாதுகாப்பு, வாழ்வாதாரம், அரசியல் பிரதிநிதித்துவம், நல்லிணக்கம் என்று தாங்களே நிகழ்ச்சிநிரல் போட்டார்கள். ஏப்ரலில் புலிகள் பேச்சை இடைநிறுத்தினார்கள், இந்தக் குழுவும் அதோடு நின்றது. திட்டத்தின் இலக்குகளையும் குறிகாட்டிகளையும் போடும் லொக்பிரேம் அட்டவணையில் இது பூச்சியம். ஆனால் போரின் இரண்டு பக்கத்துப் பெண்கள் என்ன கேட்டார்கள் என்பதற்கு அந்த நிகழ்ச்சிநிரல் சாட்சி. பிரதான மேசை கவிழ்ந்தது அவர்களாலா?

மற்றது நேர்மாறு. 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும் செயலணி வந்தது. தலைவர் மனோரி முத்தெட்டுவேகம, 11 பேரில் பாதிக்கு மேல் பெண்கள். இட எண்ணிக்கையில் முழுப் புள்ளி. நாடு முழுக்கக் கேட்டு, 2017 ஜனவரி 3ஆம் திகதி அறிக்கை கையளித்தார்கள். முக்கியமான பரிந்துரைகள் அப்படியே கிடந்தன. பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கொட்டகை போட்டு இருந்துவிட்டார்கள். அந்த அம்மாக்களைத் தலைவிகளாக எந்தத் திட்டத்தின் வரவுப் பதிவேட்டிலும் தேட முடியாது.

ஆகவே உங்கள் கேள்விக்கொத்தில் திட்டத்தைப் பற்றி எதுவும் கேட்காத ஒரு பகுதியை வையுங்கள். இந்த ஊரில் ஒரு பிரச்சினை வந்தால் பெண்கள் யாரிடம் போகிறார்கள், கடைசியாக எப்போது போனார்கள், அவர் என்ன செய்தார். பதிலாக வரும் பெயர்களில் எத்தனை பேர் திட்டத்துக்குள் இருக்கிறார்கள் என்று பிறகு பாருங்கள். எங்கள் பக்கம் பல ஊர்களில் அது கோயில் பூசாரியின் மனைவியாக இருக்கும், மருத்துவிச்சியாக இருக்கும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பழைய பொருளாளராக இருக்கும். பயிற்சிக்கு அழைக்கப்பட்டவர்கள் வேறு ஆட்கள்.

வரவு குறைந்ததற்கான காரணத்தையும் அவர்களிடமே கேளுங்கள். அதே திட்டத்தில் இரண்டு ஊர்களில் வரவு பாதியாகிவிட்டது, ‘கணவர்மாரின் எதிர்ப்பு’ என்று அறிக்கை எழுதியது. உண்மையில் செவ்வாய்க்கிழமை நுண்கடன் கூட்டம். ஒருத்தி கட்டவில்லை என்றால் குழுவில் உள்ள எல்லாரும் அங்கேயே இருக்க வேண்டும், காசு சேரும்வரை எழும்ப முடியாது. திட்டமும் செவ்வாய்க்கிழமைதான் கூட்டம் வைத்தது. கிழமையை மாற்றியிருந்தால் போதும்.

உங்கள் கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. வரவுசெலவில் வாகன வாடகைக்கு ஒரு வரி இருக்கும், எரிபொருளுக்கு ஒரு வரி இருக்கும், ஹோட்டலுக்கு ஒரு வரி இருக்கும். மொழிபெயர்ப்பு ‘ஏனையவை’க்குள் போய்விடும். முழுநாளும் இரண்டு மொழியில் மூளையைப் பிழிந்தவளுக்கு வான்காரரின் நாட்கூலியை விடக் குறைவாகத் தருவார்கள். வான்காரர் கூடுதலாக வாங்குகிறார் என்பது என் முறைப்பாடு இல்லை. அறிக்கையில் என் பெயர் இராது. அந்த அறிக்கை தமிழிலோ சிங்களத்திலோ வந்ததை நான் கண்டதும் இல்லை. தங்களைப் பற்றி என்ன எழுதினார்கள் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியவே தெரியாது. அவர்கள் வாசித்திருந்தால் என்னுடைய பிழை அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

சரி, அந்த அக்கா. 2019இல் வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது அவர் வீட்டுக்குப் போனேன். ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று இஸ்லாமியத் தீவிரவாதக் குழு ஒன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடத்திய குண்டுவெடிப்புக்குப் பிறகு சில மாதம். தமிழர் முஸ்லிம் கடைக்குப் போகவில்லை, முஸ்லிம்கள் தமிழ் ஊருக்குள் வரப் பயந்தார்கள். அக்கா சொன்னார், மூன்றாம் நாள் ஏறாவூரில் இருந்த ஒரு பெண்ணுக்குப் போன் எடுத்தாராம். முதலில் இரண்டு பேரும் அழுதார்களாம். பிறகு, புடவை கொண்டுவரும் அந்தப் பெண்ணின் தம்பியை ஊருக்குள் யாரும் மறிக்கக்கூடாது என்று அக்காவும் இன்னும் நாலு பெண்களும் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாதத்தில் தம்பி திரும்ப வந்துபோகத் தொடங்கியிருக்கிறார்.

எனக்கு உடனே மதிப்பீட்டாளர் புத்தி. “சமாதானக் குழுவில பழகினதாலயா அக்கா?” என்று கேட்டேன்.

“இல்ல புள்ள. அவட உம்மாவ எனக்குச் சின்னப்புள்ளையில இருந்து தெரியும், கடனுக்குச் சீல தந்தவ. சண்டைக்குள்ள விட்டுப்போச்சு. அந்தக் கூட்டத்தில மகளக் கண்டன், நம்பர் வாங்கினன்.”

திட்டத்தின் பங்கு என்ன என்று கேட்டால் அது ஒரு தொலைபேசி இலக்கம், அதைக் கேட்டு வாங்க ஓர் இடம். அது சின்னதென்று நினைக்காதீர்கள். அந்த இலக்கம் இல்லாவிட்டால் அந்தப் போன் இல்லை. ஆனால் 2013இல் வந்த எந்த மதிப்பீட்டாளரின் கண்ணுக்கும் இது பட்டிருக்காது, ஏனென்றால் இன்னும் நடக்கவில்லை. மூன்று வருடம் கழித்து, ஐந்து வருடம் கழித்துத் திரும்பிப் போக ஒரு சின்னத் தொகையை இப்போதே ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். கொடையாளர்கள் பெரும்பாலும் மறுப்பார்கள். மறுத்ததை அறிக்கையின் மட்டுப்பாடுகள் பகுதியில் எழுதுங்கள்.

அன்றைக்கு அந்த நீலப் பெட்டிப் பக்கத்தை என் போனில் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். விட்டதையும் ஏன் விட்டேன் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அவங்க வீட்ட வந்தத எழுதாட்டியும் காரியமில்ல. கடிதத்துக்குப் பதில் வரல்ல எண்டு கேட்டனே, அத எழுதியிருக்கலாம்” என்றார்.

அது எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை.