பாதிக் கண்ணாடி போதும்

கேள்வி: படுக்கையறைக்கு ஆளுயரக் கண்ணாடி வேண்டும். தச்சர் ஐந்தரை அடி என்கிறார். சின்னதாக வாங்கி, தள்ளி நின்று பார்த்தால் முழு உருவமும் தெரியாதா? (வாசகி, தென்காசி)

பதில்: தள்ளி நின்று பயனில்லை. ஆனால் ஐந்தரை அடியும் தேவையில்லை. உங்கள் உயரத்தில் பாதி போதும்.

உயரம் 160 செ.மீ., கண் மட்டம் 150 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒளி விழுந்த கோணத்திலேயே திரும்புவதால், உச்சந்தலையிலிருந்து புறப்படும் ஒளி 155 செ.மீ. உயரத்தில் கண்ணாடியில் பட்டுக் கண்ணுக்கு வரும். பாதத்திலிருந்து வருவது 75 செ.மீ. உயரத்தில் படும். இடைப்பட்ட 80 செ.மீ.தான் உங்களுக்கு வேண்டிய கண்ணாடி. பின்னே போகப் போக உருவம் சிறுக்கும். கண்ணாடியும் அதே விகிதத்தில் சிறுத்துத் தெரியும். அதனால் முழங்காலோடு வெட்டுப்பட்ட உருவம், பத்தடி தள்ளிப் போனாலும் முழங்காலோடுதான் நிற்கும்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே கண்ணாடி என்றால் கணக்கு மாறும். 175 செ.மீ. உயரமுள்ளவருக்கு மேல் விளிம்பு 170-ல் இருக்க வேண்டும், 120 செ.மீ. குழந்தைக்குக் கீழ் விளிம்பு 55-க்கு இறங்க வேண்டும். ஆக 115 செ.மீ. வாங்குமுன் பீரோ கண்ணாடி முன் நின்று, பாதம் மறையும் வரை கீழிருந்து செய்தித்தாளை ஒட்டிப் பாருங்கள். உங்கள் அளவு கிடைத்துவிடும்.

சுவரில் சாய்த்து வைத்தால் இந்தக் கணக்கு செல்லாது. கண்ணாடி 5 பாகை சாய்ந்தால் திரும்பும் ஒளி 10 பாகை விலகும். பாதம் போய் மின்விசிறி தெரியும்!

கேள்வி: காரின் பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி எட்டத்தில் தெரிகிறது. பாடப்புத்தகமோ, இப்படி வெளிப்பக்கம் புடைத்த குவி ஆடியில் பிம்பம் ஆடிக்கு அருகிலேயே விழும் என்கிறது. எது சரி? (வாசகர், ஈரோடு)

பதில்: இரண்டும் சரி. வளைவு ஆரம் 120 செ.மீ. என்றால் குவியத் தொலைவு (வெகுதூரப் பொருளின் பிம்பம் விழும் தூரம்) அதில் பாதி, 60 செ.மீ. ஆறு மீட்டர் பின்னால் வரும் பைக்கின் பிம்பம், ஆடிக்குப் பின்னே 55 செ.மீ. அளவில், பதினொன்றில் ஒரு பங்காகச் சிறுத்து விழும். 30 மீட்டரில் வரும் லாரிக்கும் 59 செ.மீ.தான். எதுவும் 60-ஐத் தாண்டாது.

ஆனால் சாலையில் நாம் தூரத்தைக் கணிப்பது உருவத்தின் அளவைக் கொண்டுதான். ஆடி கண்ணிலிருந்து 1 மீட்டரில் இருந்தால், அந்த பைக் நேரில் 17 மீட்டர் தள்ளி நிற்கும் பைக் அளவுக்கே தெரியும். சமதளக் கண்ணாடியில் 7 மீட்டர்போலத் தெரிந்திருக்கும். வண்டி வருகிறதா என்பதற்குப் பக்கக் கண்ணாடி. எவ்வளவு தூரத்தில் என்பதற்கு, பெரும்பாலும் சமதளமாக இருக்கும் உள் கண்ணாடி.

கேள்வி: ஷேவிங் கண்ணாடியில் எட்டி நின்றால் முகம் தலைகீழாகிறதே? (வாசகர், கும்பகோணம்)

பதில்: அது உள்நோக்கிக் குழிந்த குழி ஆடி. குவியத் தொலைவு 40 செ.மீ. என்றால், 20 செ.மீ.யில் முகம் நேராக, இரு மடங்காகத் தெரியும். 40-ல் கலங்கிப்போகும், அதைத் தாண்டினால் பிம்பம் ஆடிக்கு முன்னால், தலைகீழாக விழும். வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். குவியும் ஒளி திரைச்சீலையைக் கருக்கிவிடும்.

கேள்வி: குளியலறைக் கண்ணாடி மாட்டிய சில மாதங்களில் ரசம் போய் ஓரம் கறுத்துவிட்டது. ஏன்? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: இப்போது பூசுவது பாதரசமல்ல, வெள்ளி, அதன்மேல் காப்பாகப் பெயின்ட். வெட்டிய விளிம்பு வழியே ஈரம் புகுந்தால் வெள்ளி அரிக்கும். ஒட்டிய சிலிகான் பசையையும் சந்தேகப்படுங்கள். வினிகர் வாடை அடிக்கும் வகை அமிலத்தைக் கக்கும். கடையில் 'நியூட்ரல்' என்று கேட்டு வாங்க வேண்டும். துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளியுங்கள். கண்ணாடியில் தெளித்தால் வழிந்து கீழ் விளிம்பில்தான் தேங்கும். கறுத்த இடம் வெளுக்காது. ஓரத்தை வெட்டி எடுத்து, புது விளிம்புக்கு பெயின்ட் அடித்து மாட்டலாம்.