பிணைக்குக் கட்டண விலக்கு கிடையாது

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், களுவாஞ்சிக்குடி): என் தங்கையின் மகன் விரிவுரையாளர். சம்பளத்துடன் கல்வி விடுமுறை பெற்று, அமெரிக்க அரச பல்கலைக்கழகம் ஒன்றில் கலாநிதிப் பட்டம் படிக்கப் போனவன் திரும்பவில்லை. திரும்பி வந்து வேலைசெய்வேன், இல்லையேல் பணம் கட்டுவேன் என்று அவன் எழுதிக்கொடுத்த முறியில் பிணை நின்ற என்னிடம் பணம் கேட்டு இங்குள்ள பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. படிப்புக் கட்டணம் முழுவதையும் விலக்கியது அமெரிக்கப் பல்கலைக்கழகம். இங்கு ஒரு சதமும் கட்டவில்லை. தூக்கி வளர்த்த பிள்ளை இப்போது போன் எடுப்பதில்லை. வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிவிடலாமா?

பதில்: போன் எடுக்காத கதையை நீதிமன்றம் கேட்காது. கட்டண விலக்குக் கதையும் அப்படித்தான். நீங்கள் கையொப்பமிட்ட முறி என்ன சொல்கிறது? அது ஒன்றுதான் கேள்வி. இத்தகைய முறிகளில் திருப்பிக் கேட்கப்படுவது முக்கியமாக விடுமுறைக் காலச் சம்பளம். அங்கே எவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பது கணக்கில் வராது.

அந்த விலக்குக் கடிதத்தை நீட்டவும் வேண்டாம். அமெரிக்காவில் கலாநிதி மாணவருக்குக் கட்டண விலக்கு பெரும்பாலும் உதவியாளர் வேலையோடு சேர்ந்தே வரும்: வாரம் 20 மணித்தியாலம் வரை கற்பித்தல் அல்லது ஆய்வு, அதற்கு மாதப்பணம். இங்கே சம்பளம், அங்கே ஊதியமா என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்க நீங்களே வாய்ப்புக் கொடுத்ததாகிவிடும்.

முதலில் கடனாளியைப் பிடியுங்கள் என்று சொல்லும் உரிமை, இலங்கையின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டப்படி பிணையாளிக்கு உண்டு. ஆனால் அந்த உரிமையைத் துறப்பதாக ஒரு வரியும், ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்ற சொற்களும் இந்த முறிகளில் வழக்கமாகவே இருக்கும். பேனாவை எடுக்கும்போது எவரும் வாசிக்காத வரி.

சீதனத்துக்கு வருவோம். பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது மட்டக்களப்பு வழமைதான். ஆனால் நீதிபதி பார்ப்பது உறுதியின் திகதியை. கோரிக்கைக் கடிதம் வந்த பிறகு எழுதிய உறுதி, கடன் கொடுத்தவரை ஏய்க்க எழுதியதென்று இரத்தாகலாம். மகளும் பிரதிவாதியாகி நீதிமன்றப் படியேறுவார். இதை எத்தனை குடும்பங்களில் பார்த்துவிட்டேன்! நொத்தாரிசுக்குக் கொடுத்த காசும் வீண்.

அதைவிட மோசம், அழைப்பாணைக்குப் போகாமல் வீட்டில் இருப்பது. வழக்கு ஒருதலைப்பட்சமாக முடிந்து தீர்ப்பாணை கையில் கிடைத்தால், அதை நீக்கக் கேட்க உங்களுக்கு 14 நாள்தான். நாள் தப்பினால், தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்ற அலுவலரான பிஸ்கால் வந்து வளவை அளப்பார். ‘ஆறு வருடம் கடந்தால் காலாவதி’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பணம் செலுத்துவதற்கான முறிக்குக் காலாவதிச் சட்டம் தரும் காலம் 10 வருடம்.

சமரசம் செய்யுங்கள். வழக்காடி வெல்லும் விடயமல்ல இது. பல்கலைக்கழகப் பேரவைக்கு எழுதித் தவணை கேளுங்கள். டொலரில் உழைக்கும் பிள்ளையே கட்டட்டும். நீங்கள் கட்ட நேர்ந்தால் அவரிடமிருந்து திரும்ப அறவிடலாம், ஆகவே கடன் தன்னுடையது என்று இப்போதே எழுத்தில் வாங்கிவையுங்கள், வாட்ஸ்அப்பிலாவது. அவர் இங்குள்ள பல்கலைக்கழகத்துடன் தனியாகத் தவணை பேசி, நாலு மாதம் கட்டி நிறுத்திவிட்டால் மிச்சம் மறுபடி உங்கள் தலையில்தான். பிணையாளி எப்போது, எந்தத் தொகையுடன் விடுவிக்கப்படுகிறார் என்ற வாசகம் இல்லாத உடன்படிக்கையில் கையொப்பமிட வேண்டாம்.