டெட் எண்டில் கான்கிரீட் சுவர் எழுப்பலாமா?

கேள்வி: ஐயா, நான் ஒரு சிமென்ட் ஆலையில் ரயில்வே சைடிங்கை, அதாவது ஆலைக்குள் வரும் கிளை லைனைப் பார்த்துக்கொள்கிறேன். லைன் முடிகிற இடத்தில் பழைய தண்டவாளத் துண்டுகளை நட்டு, குறுக்கே இரண்டு மர ஸ்லீப்பர் வைத்துக் கட்டிய டெட் எண்ட் இருக்கிறது. போன மாதம் இரண்டு காலி வேகன்கள் தானாக உருண்டு வந்து மோதியதில் அது சாய்ந்துவிட்டது. அதற்கு 12 மீட்டர் பின்னால் எடைமேடை அறை. ஒப்பந்தக்காரர் ஒன்றரை மீட்டர் கனத்தில் கான்கிரீட் சுவர் போட்டுவிடலாம் என்கிறார். மேலாளரோ ஹைட்ராலிக் பஃபர் (மோதலை எண்ணெய் பிஸ்டனால் தாங்கும் முட்டு) வாங்கலாமா என்று விசாரிக்கச் சொல்கிறார். எது சரி?

பதில்: சுவர் வேண்டாம். ஹைட்ராலிக்கும் இப்போதைக்கு வேண்டாம். இரண்டு முடிவுக்கும் காரணம் ஒன்றுதான் என்பதால் கொஞ்சம் சுற்றி வளைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு எளிய கணக்கு. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம் என்பது நீங்களும் நானும் நடக்கிற வேகம். அந்த வேகத்தில் உருண்டு வரும் வேகனை நிறுத்துவதும், அதே வேகனைத் தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் தூக்கித் தொப்பென்று கீழே போடுவதும் ஆற்றல் கணக்கில் ஒன்று. வேகம் 10 கிலோமீட்டர் ஆனால் உயரம் 39 சென்டிமீட்டர், 15 ஆனால் கிட்டத்தட்ட 90. வேகம் இரட்டித்தால் அடி நான்கு மடங்கு என்று பள்ளியில் படித்ததுதான், ஆனால் சரக்கு ஏற்றிய 90 டன் வேகனை முழங்கால் உயரத்திலிருந்து போடுவதாக நினைத்துப் பார்த்தால்தான் அது மண்டையில் ஏறுகிறது.

இப்போது அந்த 90 டன் வேகன் நடை வேகத்தில் வந்து முட்டுகிறது என்று வையுங்கள். 90 டன், 10 சென்டிமீட்டர், அதாவது 9 டன்-மீட்டர் ஆற்றல். இது எங்காவது போய்த்தான் ஆகவேண்டும். முட்டுகிற இடம் 1 மீட்டர் பின்வாங்கிக் கொடுத்தால் சராசரியாக 9 டன் விசை போதும். கான்கிரீட் சுவர் பின்வாங்காது. வேகனின் கப்ளிங்கும் (அடுத்த வேகனோடு இணைக்கும் கொக்கி) சட்டமும் நசுங்கிக் கொடுக்கும் 5 சென்டிமீட்டர்தான் மிச்சம், அப்போது விசை 180 டன். அதுவும் சராசரி, உச்சம் இன்னும் மேலே போகும். வேகம் 10 கிலோமீட்டராக இருந்திருந்தால் 700 டன். சுவர் உடையாமல் நிற்கலாம், நான் மறுக்கவில்லை. வேகன் நிற்காது.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு தனியார் சைடிங்கில் இதை நேரிலேயே பார்த்தேன். சரக்கு ஏற்றிய மூன்று வேகன்கள் உருண்டு வந்து இப்படிப்பட்ட சுவரில் மோதியிருந்தன. முதல் வேகனின் முன்பக்கச் சட்டம் உள்ளே போயிருந்தது, இரண்டாவது வேகன் அதன் மேல் அரைவாசி ஏறி உட்கார்ந்திருந்தது, மூன்றாவது தடம் புரண்டு பக்கத்து லைனுக்குக் குறுக்கே கிடந்தது. சுவரில் ஒரு கீறல் இல்லை. அதைக் கட்டியவர் என் பக்கத்தில் நின்று அதைப் பெருமையாக வேறு சொன்னார்.

சுவர் எப்போதும் நிற்கும் என்றும் இல்லை. பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்தில் சுவரைத் துளைத்துக்கொண்டு தெருவில் தலைகுப்புற நிற்கிற ரயில் எஞ்சின் படத்தைப் பார்த்திருப்பீர்கள், 1895 அக்டோபர் 22 அன்று நடந்தது. அந்த எஞ்சின் பஃபரைத் தாண்டி, நடைமேடை முகப்பைக் கடந்து, 60 சென்டிமீட்டர் கனமுள்ள சுவரை உடைத்துக்கொண்டு கீழே விழுந்தது. தெருவில் இருந்த ஒரு பெண் இறந்தார். உங்கள் எடைமேடை அறை 12 மீட்டரில் இருக்கிறது என்று படித்ததும் எனக்கு அந்தத் தெருதான் ஞாபகம் வந்தது.

நம்மூரிலும் உண்டு. 2022 ஏப்ரல் 24 அன்று சென்னை கடற்கரை நிலையத்தில் பயணிகள் இல்லாத மின்சார ரயில் ஒன்று டெட் எண்டை உடைத்து நடைமேடையில் ஏறியது. 2015 ஜூனில் மும்பை சர்ச்கேட்டில் ஒன்று, 2023 செப்டம்பரில் மதுராவில் ஒன்று. இவையெல்லாம் மோட்டார் உள்ள ரயில்கள், தம் சக்தியில் ஓடி வந்தவை. உங்களுடையது தானாக உருண்டது. இந்த வித்தியாசம் முக்கியம், திரும்ப வருகிறேன்.

சரி, அப்படியானால் நல்ல டெட் எண்ட் எப்படி இருக்கும்? தேரோட்டத்தைப் பாருங்கள். அவ்வளவு பெரிய தேரை யாரும் சுவர் வைத்து நிறுத்துவதில்லை. சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டையைச் செருகுகிறார்கள், சக்கரம் கட்டையைத் தேய்த்துக்கொண்டு, அதையும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய் நிற்கிறது. ஆற்றல் தேய்மானத்தில் கரைகிறது. உராய்வு வகை பஃபர் செய்வதும் இதேதான். இரும்புச் சட்டம் ஒன்று தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், அதன் கால்கள் தண்டவாளத்தின் தலையைப் போல்ட் போட்டு இறுக்கிப் பிடித்திருக்கும். வேகன் முட்டினால் சட்டம் முழுக்கத் தண்டவாளத்தை உரசிக்கொண்டு பின்னால் சறுக்கும். எவ்வளவு இறுக்கம் என்பதை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து முன்கூட்டியே நிர்ணயிக்கலாம், அதனால் விசையும் தெரியும், சறுக்கும் தூரமும் தெரியும். சறுக்குகிற வழியில் இன்னும் சில ஜோடிப் பிடிகளைத் தனியாகத் தண்டவாளத்தில் மாட்டி வைத்தால், சட்டம் போகப் போக அவற்றையும் முட்டித் தள்ளிக்கொண்டு போகும், தடையும் கூடிக்கொண்டே போகும்.

உங்கள் அளவுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். சரக்கு ஏற்றிய 10 வேகன்கள், 900 டன், 10 கிலோமீட்டர் வேகம் என்றால் ஏறக்குறைய 350 டன்-மீட்டர். 40 டன் தடை கொடுக்கும் உராய்வு பஃபர் சுமார் 9 மீட்டர் சறுக்கி அதை நிறுத்திவிடும். அந்த 9 மீட்டர் உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அறை 12 மீட்டரில் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், பஃபர் சட்டத்தின் நீளமும் அதற்குப் பின்னால் தண்டவாளம் முடிகிற இடமும் அந்த 12 மீட்டருக்குள்தான் அடங்கவேண்டும். டெட் எண்டையே லைனுக்குள் 10 மீட்டர் முன்னால் நகர்த்துவது நடக்கிற காரியம். ஒரு வேகன் நிற்கிற இடம் போகும், மேலாளர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

ஹைட்ராலிக்கை ஏன் வேண்டாம் என்றேன்? கெட்ட சாமான் என்பதால் இல்லை. உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளை வழியாகப் பிதுக்கும், அதில் ஆற்றல் சூடாக மாறிப் போகும், அப்புறம் உள்ளே அடைத்த வாயு பிஸ்டனைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். ஸ்பிரிங் பஃபர் மாதிரி வேகனை வந்த வழியே திருப்பி உதைக்காது. தினமும் ரயில் மெல்ல வந்து தொடுகிற பயணிகள் நிலையத்துக்கு அது அருமை. ஆனால் அது கொடுக்கும் தூரம் பிஸ்டனின் நீளம்தான், பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள். அதைத் தாண்டினால் அதுவும் சுவர்தான். போதாததற்கு எண்ணெய் கசிகிறதா, சீல் தேய்ந்ததா, வாயு அழுத்தம் இருக்கிறதா என்று யாராவது தொடர்ந்து பார்க்கவேண்டும், சிமென்ட் தூசி பறக்கிற இடத்தில் பிஸ்டன் தண்டு எவ்வளவு நாள் பளபளப்பாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நல்ல ஹைட்ராலிக் பஃபர் இருந்தும் எல்லாம் நல்லபடி முடிந்ததில்லை. 1991 ஜனவரியில் லண்டன் கேனன் ஸ்ட்ரீட் நிலையத்தில் சுமார் 16 கிலோமீட்டர் வேகத்தில்தான் ரயில் முட்டியது, இரண்டு பேர் இறந்தார்கள், 500 பேருக்கு மேல் காயம்.

மணல் மேடு இன்னொரு வழி. ரயில்வேயே பல யார்டுகளில் வைத்திருக்கிறது. தண்டவாளத்தை மணலில் புதைத்து லேசாக மேலே ஏற்றிவிட்டால் சக்கரம் மணலை உழுது உழுது நின்றுவிடும். மலிவு. ஆனால் கரடுமுரடான, காய்ந்த மணலாக இருக்கவேண்டும், அடியில் தண்ணீர் வடியவேண்டும். உங்கள் ஆலையில் இரண்டு மழைக்காலம் போனால் சிமென்ட் தூசியும் மழையும் சேர்ந்து அந்த மணலை என்ன செய்யும் என்று யோசியுங்கள். ஆகவே உங்களுக்கு மணலும் இல்லை.

இன்னொரு விஷயம், இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். சாய்ந்த டெட் எண்டின் குறுக்குக் கட்டையில் எந்த இடத்தில் அடி விழுந்திருக்கிறது என்று போய்ப் பாருங்கள். இன்றைய சரக்கு வேகன்களுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பஃபர் கிடையாது, நடுவில் சிபிசி (சென்டர் பஃபர் கப்ளர்) கப்ளிங் மட்டும்தான், இணைப்பதும் முட்டுவதும் அதுவே. பழைய மாதிரி வரைபடத்தைப் பார்த்து இடமும் வலமுமாக இரண்டு தலை வைத்த பஃபரை வாங்கினால், கப்ளிங் அந்த இரண்டுக்கும் நடுவே நேராக உள்ளே போய்ச் சட்டத்தைக் குத்தும். நடுவில் அகலமான முட்டுப் பலகை வேண்டும். எஞ்சினுக்கு இரண்டும் உண்டு, எஞ்சினும் அந்த முனை வரை வருமென்றால் இரண்டுக்கும் சேர்த்தே கேளுங்கள். உயரத்தையும் சொல்லுங்கள். அகலப் பாதையில் பஃபர் மையம் தண்டவாளத்திலிருந்து 1,030 முதல் 1,105 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும், காலி வேகன் மேலே நிற்கும், ஏற்றியது தாழ்ந்து நிற்கும், இரண்டுக்கும் பலகை பொருந்தவேண்டும்.

பொருத்தும்போது சறுக்கும் பகுதியில் ஃபிஷ் பிளேட் ஜாயின்ட் (இரண்டு தண்டவாளத்தைப் பட்டை வைத்துப் போல்ட் போட்டு இணைத்த இடம்) இருக்கக்கூடாது. பிடி அங்கே தட்டி நின்றுவிடும், அப்புறம் உராய்வு பஃபரும் உங்கள் ஒப்பந்தக்காரரின் சுவரும் ஒன்று. அந்தப் பகுதித் தண்டவாளத்தில் கிரீஸ் படவிடாதீர்கள். ஒருமுறை முட்டிச் சறுக்கிவிட்டால், தளர்த்தி, பழைய இடத்துக்கு இழுத்து, பிடிகளைப் பார்த்து, மறுபடி அளவாக இறுக்கவேண்டும். இதைச் செய்யாமல் விட்ட பஃபர் அடுத்த முறைக்குப் பாதி தூரத்தோடுதான் காத்திருக்கும்.

இப்போது நான் தள்ளிப்போட்ட விஷயம். எஞ்சின் பின்னாலிருந்து முழு ரேக்கை, அதாவது மொத்த வேகன் வரிசையையும் தள்ளிக்கொண்டு வந்தால் எடை 5,000 டன்னைத் தாண்டும். ஷண்டிங் (வேகன்களை இழுத்தும் தள்ளியும் இடம் மாற்றுவது) வேக வரம்பு 15 கிலோமீட்டர், அந்த வேகத்தில் பிரேக் போடாமல் வந்தால் மேலே சொன்ன 40 டன் பஃபர் 100 மீட்டருக்கு மேல் சறுக்கவேண்டியிருக்கும். அப்படி ஒன்றை யாரும் விற்க மாட்டார்கள். அதற்கு மருந்து பஃபர் இல்லை, முனையில் நின்று சைகை காட்டும் ரயில்வே ஊழியரான பாய்ன்ட்ஸ்மேனும் அவர் கையில் இருக்கும் வாக்கி டாக்கியும்தான், கூடவே டெட் எண்டுக்கு முன்னால் தூரமாக ஒரு நிறுத்தப் பலகையும், இரவில் டெட் எண்டில் எரிகிற சிவப்பு விளக்கும். ஆகவே பஃபர் விற்பவரிடம் "நல்லதாக ஒன்று கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். இத்தனை வேகன், இத்தனை டன், இந்த வேகம், எனக்கு இருக்கும் தூரம் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

அதற்கும் முன்னால், இரண்டு காலி வேகன்கள் ஏன் உருண்டன? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. லைனின் சரிவை டம்பி லெவல் (மட்டம் பார்க்கும் சர்வே கருவி) வைத்து அளந்து பாருங்கள். ரோலர் பேரிங் வேகன் ஒருமுறை நகர ஆரம்பித்துவிட்டால் அதை உருட்டிக்கொண்டே போக டன்னுக்கு ஒன்றரை கிலோ விசை போதும். 400-க்கு 1 சரிவு டன்னுக்கு இரண்டரை கிலோ கொடுக்கிறது. அந்தச் சரிவில் 200 மீட்டர் உருண்டால் முனைக்கு வரும்போது 7 கிலோமீட்டர் வேகம் இருக்கும். யார்டுகளுக்கு 1,200-க்கு 1 சரிவை ரயில்வே விரும்புவது இதனால்தான், அதில் வேகன் தானாக உருளாது. கடுங்காற்று அடித்தால் காலியான மூடிய வேகனை அதுவே நகர்த்தும், பாய்மரம் மாதிரி.

ஹேண்ட் பிரேக்கை முழுக்கச் சுற்றி இறுக்குவது, சக்கரத்துக்குக் கட்டை போடுவது, கடைசி வேகனைச் சங்கிலி போட்டுத் தண்டவாளத்தோடு பூட்டுவது, இதெல்லாம் விதியில் இருக்கிறது, உங்கள் ஆட்களுக்கும் தெரிந்திருக்கும். கட்டைகளும் சங்கிலியும் வேலை நடக்கிற இடத்தில் இருக்கின்றனவா, இல்லை ஸ்டோர் ரூமில் கணக்குக்காக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். லோடிங் ஆட்கள் கடப்பாரை போட்டு வேகனை நெம்பி நகர்த்துகிற பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள், என் அனுபவத்தில் தானாக உருண்டதாகச் சொல்லப்பட்ட வேகன்களில் பாதி அப்படி உருண்டவைதான்.

சைடிங்கில் எதை மாற்றினாலும் வரைபடத்தோடு கோட்டப் பொறியாளர் அலுவலகத்தின் ஒப்புதல் வாங்கவேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். எடைமேடை அறையில் உட்காருகிறவரை வேறு இடத்துக்கு மாற்ற யார் ஒப்புதலும் வேண்டாம், அதை இந்த வாரமே செய்யுங்கள். சரிவை அளந்ததும் எழுதுங்கள், தூரத்தைச் சேர்ந்து கணக்குப் போடுவோம்.