இங்கிலாந்தின் வே ஆற்றுப் படகுப் பாதை கோடால்மிங் ஊரோடு ஏன் நிற்கிறது?

வரைபடத்தில் ஆறு இன்னும் மேலே போகிறதே, படகுப் பாதை மட்டும் ஏன் நடுவில் முடிகிறது என்று கேட்டிருந்தீர்கள். வரைபடத்தில் தவறு இல்லை. ஆறு ஃபார்ன்ஹாம் வழியாக வந்தாலும், படகுப் பாதை கோடால்மிங் வரைதான். அதற்கு மேலே படகை ஏற்றி இறக்கும் லாக் எதுவும் கட்டவில்லை. தேம்ஸிலிருந்து கில்ட்ஃபோர்டு வரை 1653-இல் திறந்தார்கள். கோடால்மிங்குக்கு நீட்டியது 1764-இல்.

ஃபார்ன்ஹாம் பக்கம் ஒன்று, ஹாஸில்மியர் பக்கம் ஒன்று என இரண்டு ‘வே’ தெரிவதுதான் உங்களைக் குழப்பியிருக்கும். டில்ஃபோர்டைப் பெரிதாக்கிப் பாருங்கள், இரண்டும் அங்கே சேரும்.

அப்புறம், கில்ட்ஃபோர்டுக்குக் கீழே வரைபடத்தில் ஆற்றுக் கோடு இரண்டாகப் பிரிந்தால், வளைந்து நெளிவது பெரும்பாலும் பழைய ஆறு; நேராகப் போவது வெட்டிய கால்வாய். படகு அதில்தான்.

ஷால்ஃபோர்டு அருகே தெற்கே பிரியும் வே-அருன் கால்வாயை நம்பி மட்டும் பயணம் போடாதீர்கள். 1871-இல் மூடியது; மீட்டெடுத்த சில துண்டுகளில்தான் இப்போது படகு ஓடுகிறது.