15 வயதில் பவர்போட் ஓட்டப் பழகலாமா?

15 வயது மகன் பவர்போட் (இன்ஜினில் ஓடும் வேகப் படகு) ஓட்ட ஆசைப்படுகிறான், எப்படித் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பழகட்டும், ஆனால் நல்ல பயிற்சியாளரிடம். வயது வரம்பு நாட்டுக்கு நாடு மாறும், அதை முதலில் பார்த்துவிடுங்கள். லைஃப் ஜாக்கெட் பற்றிச் சொல்லவே வேண்டாம். பலர் அலட்சியம் செய்வது கில் கார்டை, அதாவது இன்ஜினை நிறுத்தும் கயிற்றைத்தான்: ஒரு முனை இன்ஜின் சுவிட்சில், மறுமுனை ஓட்டுபவரின் தொடையில் மாட்டியிருக்கும், ஆள் தண்ணீரில் விழுந்தால் அது பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும், மாட்டாமல் விட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி வந்து விழுந்தவர் மேலேயே ஏறக்கூடும், புரொப்பெல்லர் வெட்டினால் உயிருக்கே ஆபத்து. அப்புறம், படகுக்குப் பிரேக் கிடையாது, திருப்பும்போது பின்பக்கம் வெளியே வீசும். அதனால் முதலில் மெதுவாகக் கரை அணையப் பழகட்டும், உண்மையில் வேகமாக ஓட்டுவதைவிட அதுதான் கஷ்டம்.