பச்சைப்பிள்ளைக்குத் தைராய்டு: கேட்டவர்களுக்குப் பதில்

பிறந்த குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மருந்தளவை உங்கள் டாக்டர்தான் சொல்லணும். மற்றதைக் கேளுங்கள்.

திருமங்கலம்: சிஸ்டர், மூணாம் நாள் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். பையன் நல்லாத்தானே இருக்கான், எதுக்கு?

பிறவியிலேயே தைராய்டு ஹார்மோன் குறைவா என்று பார்க்கத்தான். நல்லா இருக்கும்போதே எடுக்கணும் என்பதுதான் விஷயம். வயிற்றில் இருக்கையில் தாயின் தைராய்டு ஹார்மோன் கொஞ்சம் பிள்ளைக்கும் போய்விடும். தைராய்டு சுரப்பியே இல்லாத பிள்ளைகூட அந்தத் தெம்பில் பிறந்ததும் மொழுமொழுவென்று கிடக்கும். விடாத காமாலை, கரகரத்த அழுகை, தடித்த நாக்கு, மலச்சிக்கல் என்று நம் கண்ணுக்குத் தெரிகிறபோது மூளை வளர்ச்சி அடி வாங்கியிருக்கும்.

மேலூர்: மறுநாளே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. முதல் நாளே எடுத்தா ஆகாதா?

அட்டையில் பார்ப்பது டி.எஸ்.எச்., அதாவது தைராய்டைத் தூண்டிவிடும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது கூடும். ஆனால் பிறந்த அரை மணி நேரத்தில் எல்லாப் பிள்ளைக்கும் இது எகிறும். அன்றைக்கே எடுத்தால் ஒன்றும் இல்லாத பிள்ளைக்கும் கூடுதலாகக் காட்டி வீட்டையே கலக்கிவிடும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது. சீக்கிரம் கிளம்புகிறவர்களுக்குத் தொப்புள்கொடி ரத்தத்திலேயே பார்ப்பதும் உண்டு. குறைமாதப் பிள்ளை என்றால் 2 முதல் 4 வாரத்தில் இன்னொரு தடவை.

உசிலம்பட்டி: டி.எஸ்.எச். 46-னு போன் வந்துச்சு. தீட்டுக் கழியாம வாசப்படி தாண்டக்கூடாதுங்கிறாங்க மாமியார்.

இன்றைக்கே தாண்டுங்கள். மாமியாரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொள்ளுங்கள், டாக்டர் சொன்னால் கேட்பார். குதிகால் ரத்தத்தை ஒற்றி எடுத்த அட்டை சந்தேகத்தைத்தான் சொல்லும். கையில் ரத்தம் எடுத்து டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 (ரத்தத்தில் ஓடும் தைராய்டு ஹார்மோன்) பார்ப்பார்கள். அட்டையில் டி.எஸ்.எச். 40-ஐத் தாண்டியிருந்தால் ரத்தம் எடுத்த கையோடு, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் தைராய்டு ஹார்மோன் மாத்திரை தொடங்குவது வழக்கம். இரண்டு வார வயதுக்குள் தொடங்கிவிடணும். பதினாறாம் நாள் விசேஷம் அதற்கப்புறம்தானே வருகிறது?

வாடிப்பட்டி: மாத்திரையை உரைகல்லில் உரைச்சுக் குடுக்கலாமா? உரைமருந்து அப்படித்தான் குடுக்கிறோம்.

ஐயையோ, வேண்டாம். (வசம்பு உரைப்பதே எனக்கு ஒப்பாது, அது வேற கதை.) தொடக்க அளவு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். 3 கிலோ பிள்ளைக்கு 45 மைக்ரோகிராமுக்கு மேல் போகாது. இத்துனூண்டு மருந்தில் பாதியைக் கல் குடித்துவிட்டால் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நசுக்குங்கள். அதே ஸ்பூனில் தாய்ப்பாலைச் சில சொட்டுப் பீய்ச்சிக் கரைத்து உடனே ஊட்டுங்கள். ஒட்டியிருப்பதை இன்னும் இரண்டு சொட்டில் வழித்துக் கொடுங்கள். பாலாடை நிறையப் பாலில் கலந்தால் பாதியில் தூங்கிவிடும், மருந்து பாலாடையில் நிற்கும். இரும்பு, கால்சியம் சொட்டு மருந்து இருந்தால் சில மணி நேரம் தள்ளிக் கொடுங்கள்.

அலங்காநல்லூர்: மாமன் மகளைக் கட்டினதால வந்ததா?

பெரும்பாலும் சுரப்பி சரியாக உருவாகாததாலோ, இடம் மாறி நின்றுபோனதாலோ வருவது. அதில் யார் மேலும் குற்றமில்லை. சுரப்பி இருந்தும் ஹார்மோன் தயாரிக்க முடியாத வகை பரம்பரையில் வரும், சொந்தத்தில் கட்டினால் அதற்கு வாய்ப்புக் கூடும். உங்களுடையது எந்த வகை என்று டாக்டரிடம் கேளுங்கள். அடுத்த பிரசவத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மறுபடியும் திருமங்கலம்: ஆயுசுக்கும் மாத்திரையா?

சிலருக்குத் தற்காலிகம்தான். 3 வயதுக்கு மேல் டாக்டரே கொஞ்ச நாள் நிறுத்திப் பரிசோதிப்பார். ரிசல்ட் நார்மலாக வந்ததென்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த நார்மலே மாத்திரையால் வந்தது.